அளவெடுத்த பை

பாக்கணும்னா கையில வாங்கியே பாருங்கம்மா. ஏறினதுலேர்ந்து ஓரக்கண்ணாலயே பாத்துக்கிட்டு வர்றீங்க, எனக்கா தெரியாது? இருபத்திரெண்டு வருசமா பொம்பளைங்க கண்ணு துணியில எங்க போயி நிக்குதுன்னு பாத்தே பொழைப்பு நடத்துறவ நான். இந்தாங்க, பிடிங்க. ஃபாரினா? அட நீங்க வேற! விருதுநகர் தெப்பத்துக்குப் பின்னாடி சந்துல, என் மெஷின்ல, என் கையால தச்சதும்மா. தமயந்தி டெய்லர்னு கேட்டா அங்க யாரா இருந்தாலும் கடையைக் காட்டுவாங்க.

நம்பலேல்ல? திறந்து உள்ள பாருங்க. அந்த லைனிங், ஜாக்கெட்டுக்குப் போடுற அதே காட்டன் லைனிங்தான். வெளிய இருக்குறது தோலு இல்ல, கார் சீட்டுக்குப் போடுற ரெக்சினு. அதைத் தைக்கிறதுக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டும் மூணு ஊசி ஒடஞ்சுச்சு. பூட்டு மட்டும் மதுரையில வாங்கினது. அடியில தட்டிப் பாருங்க, விறைப்பா நிக்குதா? உள்ளுக்குள்ள காலண்டர் அட்டையை ரெண்டு மடிப்பா வச்சுத் தச்சிருக்கேன். அது யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் சொல்றேன்.

மதுரை வரைக்குமா நீங்க? நான் கள்ளிக்குடியில இறங்கிருவேன். அங்க ஒருத்தியப் பாக்கணும். இந்தப் பையை அவளுக்குக் குடுக்கத்தான் கொண்டு போறேன். சோலையம்மான்னு பேரு, சோலைன்னு கூப்பிடுவேன். என் கடையில கைவேலை பாத்தவ. நான் தச்சுப் போடுற ஜாக்கெட்டுக்கெல்லாம் ஹூக்கு வைக்கிறது, ஹெம்மிங் பண்றது எல்லாம் அவதான். ஏழு வருசம் பாத்தா. ஆவணி மாசம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. தீபாவளி நேரத்துல நான் பட்ட பாடு இருக்கே! ஜாக்கெட்டு குமிஞ்சு கெடக்கு, வாசல்ல நிக்கிறவங்க, "என்ன டெய்லரம்மா, ஹூக்கு இல்லாம ஊக்கைக் குத்திக்கிட்டா தீபாவளிக்குப் போறது?"ன்னு கத்துறாங்க. நிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல அவ?

சொல்லிருக்கலாம். எந்த வாயால சொல்லுவான்னும் கேக்கலாம்.

சரி, உங்ககிட்ட சொன்னா என்ன. நீங்க யாரோ, நான் யாரோ. மாட்டுத்தாவணியில இறங்கினா என் மூஞ்சியே உங்களுக்கு மறந்து போயிரும். வீட்டுக்காரருக்கே தெரியாதும்மா இது.

எனக்கு ஒரு தங்கச்சி, கோகிலா. மெட்ராஸ்ல இருக்கா, மாப்பிள்ளை டைல்ஸ் வியாபாரம், நல்ல வசதி. ரொம்ப வருசம் கழிச்சுப் பொறந்த ஒத்தப் புள்ளை, மகிழன். அவனுக்கு ஆவணியில காதுகுத்து வச்சா. பத்திரிகை குடுக்க வீட்டுக்கு வந்தப்ப கையில ஒரு பை வச்சிருந்தா பாருங்க! இத்தாலியில ஏதோ பெரிய கம்பெனியாம். அந்தப் பையைக் கட்டில்ல வைக்க மாட்டா, தரையில வைக்க மாட்டா. என் வீட்ல இருக்குறதே ரெண்டு நாற்காலி. ஒண்ணுல அவ, இன்னொண்ணுல பை. நான் நின்னுக்கிட்டே காப்பி குடுத்தேன். வெலை என்னன்னு கேட்டதுக்குக் காதுல சொன்னா. நான் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன், எனக்கே நெஞ்சை அடைக்கும்.

நான் சும்மா இருந்திருக்கணும். எனக்கு வாயி. "இதென்ன பெரிய விசயமா, ரெக்சினு கெடைச்சா ரெண்டு நாள்ல தச்சிருவேன்"னேன். சிரிச்சா. "அக்கா, நீ ஜாக்கெட் தைக்கிறவ. இது வேற"ன்னா. என் கொழுந்தன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா, அவளும் சேந்து சிரிக்கிறா.

வேற. அந்த ஒரு வார்த்தை எனக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. சோறு திங்கும்போது வேற, மெஷினை மிதிக்கும்போது வேற. என்னடி வேற? துணியும் நூலும்தானே? எனக்குத் தெரியாத தையலா? சின்ன வயசுல அவளுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தச்சுக் குடுத்தவளே நான்தான். அவளுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது!

காதுகுத்து மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் மண்டபத்துல, எங்க ஊர்ப் பக்கந்தான். சோலையை நான்தான் கூட்டிட்டுப் போனேன். "எடுக்க வைக்க ஒரு கை வேணும்க்கா, யாரையாச்சும் கூட்டிட்டு வா"ன்னு கோகிலா கேட்டா. சோலை ஒண்ணும் வேலைக்காரி இல்ல. நான் கூப்பிட்டேனேன்னு, இருக்குறதுல நல்ல சேலையா ஒரு ஊதாச் சேலையைக் கட்டிக்கிட்டு, தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு, விருந்தாளி மாதிரி வந்தா.

எங்க அண்ணன் தாய்மாமன் முறைக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கிட்டு வந்திருந்தாரு. மிளகு தண்டிதான் இருக்கும். நகைக்கடையில ரோஸ் பேப்பர்ல மடிச்சுத் தருவாங்கள்ல, அந்தப் பொட்டலம். "ஆசாரி வந்ததும் எடுத்துக் குடும்மா"ன்னு கோகிலா கையில குடுத்திருக்காரு, அவ தன் பையில போட்டிருக்கா. நான் அதைப் பாக்கலம்மா. சத்தியமாப் பாக்கல. பந்திக்கு இலை பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

புள்ளைக்கு மொட்டை அடிக்க எல்லாரும் வெளிய போயிட்டாங்க. 'மணமகள் அறை'ன்னு எழுதின ரூம்ல, நாற்காலியில, அந்தப் பை தனியா உக்காந்திருக்கு. எனக்குக் கை குறுகுறுன்னுச்சு. சோலையைக் கூப்பிட்டு, "கதவைச் சாத்துடி"ன்னேன்.

நான் எங்க போனாலும் இடுப்புல ஒரு சுருக்குப் பை இருக்கும். இஞ்ச் டேப்பு, சாக்பீஸ், ஊசி நூலு, ஒரு பொட்டலம் ஹூக்கு. விசேச வீட்ல எவளுக்காச்சும் ஜாக்கெட்டு பிரிஞ்சுரும், "தமயந்தி எங்க?"ன்னு ஓடி வருவாளுக. ஹூக்கை நான் எப்பவும் நகைக்கடை ரோஸ் பேப்பர்லதான் மடிப்பேன். அதுல வச்சா ஹூக்கு கறுக்காது. தெரிஞ்சவங்க நகை எடுத்தா அந்தப் பேப்பரை எனக்குன்னு கேட்டு வாங்கிருவேன், சோலைதான் உக்காந்து பொட்டலம் பொட்டலமா மடிச்சு வைப்பா. எங்க கடையில ரோஸ் பொட்டலம்னா ஹூக்கு. அதுல வேற எதுவும் இருக்கும்னு எங்க கைக்குத் தெரியாது.

பைக்குள்ள இருந்த சாமானையெல்லாம் கட்டில்ல கொட்டினேன். சாவி, போனு சார்ஜரு, சென்ட்டு பாட்டிலு, புள்ளைக்கு மருந்து. என் சுருக்குப் பையும் அங்கதான் திறந்து கெடந்துச்சு. அடியளவு, வாயளவு, பக்க ஒசரம், பிடி நீளம், ஒண்ணு விடாம எடுத்தேன். சோலை டேப்போட அந்தத் தலையைப் பிடிச்சா. நியூஸ் பேப்பரை விரிச்சு, பையை அதுமேல நிறுத்தி, சுத்திக் கோடு போட்டேன். சோலைக்குச் சிரிப்பு தாங்கல. "அக்கா, பின்கழுத்து எறக்கம் எவ்ளோ வைக்கணுமாம், கேட்டுச் சொல்லுங்க"ங்கிறா. நானும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா!

வெளிய மேளச் சத்தம் கிட்ட வந்துச்சு. அவ்வளவுதான், பதறிப் போச்சு. கோகிலா சாமானை அவ பையில அள்ளிப் போட்டேன், என் சாமானை என் பையில அள்ளிப் போட்டேன். கண்ணு பாக்கல, கை அள்ளுச்சு. கோடு போட்ட பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். "பை அனாமத்தாக் கெடந்துச்சுன்னு சொல்லிக் கோகிலா கையில குடுத்துரு, போ"ன்னு சோலைகிட்டக் குடுத்து விட்டேன். நான் கொண்டு போனா கோகிலா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாளேன்னு.

ஆசாரி வந்தாரு. அண்ணன் மடியில புள்ளையை வச்சாச்சு. "கம்மலைக் குடும்மா"ன்னாரு, கோகிலா பையில கையை விட்டு விட்டுப் பாக்குறா. காணோம். பையை அப்படியே ஜமக்காளத்துல கவுத்தா. இல்ல. அண்ணன் மூஞ்சி சுண்டிப் போச்சு. தாய்மாமன் கொண்டு வந்த கம்மல், சபையில காணோம்! புள்ளை வேற கத்துறான். அப்பக் கோகிலா மாமியா சொல்லுது: "பை அந்த ஊதாச் சேலைக்காரி கையிலதான இருந்துச்சு. ரூம்லேர்ந்து அவதான எடுத்துட்டு வந்தா?"

மண்டபமே சோலையைத் திரும்பிப் பாத்துச்சு. சோலை என்னைத் திரும்பிப் பாத்தா.

என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நான் சொல்லுவேன்னு நின்னா. 'நான்தான் குடுத்து விட்டேன், நாங்க ரெண்டு பேரும் அந்த ரூம்ல அளவெடுத்தோம்.' எம்புட்டுப் பெரிய பேச்சு அது? ஒரு மூச்சுல சொல்லிரலாம். ஆனா கோகிலா நிக்கிறா. கொழுந்தன் பொண்டாட்டி நிக்கிறா. 'நீ ஜாக்கெட் தைக்கிறவ'ன்னு சொன்னவ முன்னாடி, உன் பையைக் கதவைச் சாத்திக்கிட்டு அளவெடுத்தேன்டின்னு எப்படிச் சொல்லுவேன்? வெக்கமாப் போச்சு. நான் ஜமக்காளத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். வேணும்னு செய்யலம்மா, வெக்கம், அவ்வளவுதான்.

கோகிலா கிட்ட வந்து மெதுவாச் சொன்னா, "அக்கா, நீ கூட்டிட்டு வந்த ஆளு. நீயே உள்ள கூட்டிட்டுப் போயிப் பாத்துரு. மத்தவங்க கை வச்சா அசிங்கமாப் போயிரும்"னு. எனக்கு ஏதோ மரியாதை பண்ற மாதிரி சொன்னா.

அதே ரூம். சோலை தானாவே முந்தானையை உதறிக் காட்டினா. மடியை அவுத்துக் காட்டினா. 'போதும் விடுடி'ன்னு நான் சொல்லிருக்கலாம். கதவு இடுக்குல அந்த மாமியா நின்னு பாத்துக்கிட்டு இருக்கு. ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பாத்தேன். நான் தச்ச ஜாக்கெட்டு. அவ ஹூக்கு வச்சது. அவ சுவத்தைப் பாத்துக்கிட்டு, "முடிஞ்சுதாக்கா?"ன்னா.

இதையும் சொல்லிர்றேன். அந்த நேரத்துல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஒருவேளை இவதான் எடுத்திருப்பாளோன்னு நெனச்சேன். அப்படி நெனச்சதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. சீ. என்ன பொறப்பு!

ஆசாரி தன் கையில இருந்த ஒரு ஜோடி வளையத்தைப் போட்டுக் காதைக் குத்தி முடிச்சுட்டாரு. சோலை சாப்பிடாமப் போயிட்டா. மறுநாள் கடைக்கு வரல. அதுக்கு மறுநாளும் வரல. மூணாம் நாள் ஒரு கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டு அவசரம்னு நின்னா. சரி, நானே ஹூக்கு வைப்போம்னு உக்காந்து சுருக்குப் பையில கையை விட்டா, ரெண்டு ரோஸ் பொட்டலம் வருது. ஒண்ணுல ஹூக்கு. இன்னொண்ணுல கம்மல்.

அவ வேலைக்கு வந்திருந்தா நான் அந்தச் சுருக்குப் பையைத் தொட்டிருக்கவே மாட்டேன். அவதான் பிரிச்சிருப்பா. அவ கையில கெடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். ஓடிப் போயிக் கோகிலாகிட்டக் குடுத்து, என்னையும் காப்பாத்தி விட்டிருப்பா. அவ அப்படித்தான்.

கோகிலா அன்னைக்குச் சாயங்காலம் மெட்ராஸ் கிளம்புறா, அண்ணன் வீட்ல இருக்கா. செருப்புக்கூடப் போடாம ஓடினேன். போற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன், 'கோகிலா, தப்பு என்மேல.' அங்க போனா எல்லாரும் உக்காந்து பலகாரம் திங்கிறாங்க. என்னைப் பாத்ததும், "வாக்கா, உன் கைவேலைக்காரி வந்தாளா? எப்படி வருவா!"ன்னு கோகிலா கேக்குறா, எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். பெட்டியில மடிச்சு வச்சிருந்த புள்ளையோட பட்டுச் சட்டையை எடுத்து, தையல் பிரிஞ்சிருக்கான்னு பாக்குற மாதிரி பாத்து, பாக்கெட்டுக்குள்ள பொட்டலத்தைப் போட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் போன் பண்றா. "அக்கா, கம்மல் கெடைச்சிருச்சு! புள்ளை சட்டைப் பாக்கெட்லயே இருந்திருக்கு!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத் தேடிப் பாத்திருக்கணும்ல கோகிலா, பாவம் அந்தப் பொம்பளை"ன்னேன். என் வாயிதான் சொல்லுச்சு! "ஆமாக்கா, பாவம்தான், நீயே சொல்லிரு அவகிட்ட"ன்னா. சொல்றேன்னேன்.

சொல்லல. எப்படிச் சொல்றது? ரோஸ் பொட்டலம்னு கேட்டதுமே சோலைக்கு விளங்கிரும். சட்டைப் பாக்கெட்ல கெடந்துச்சாம்னு நான் சொன்னா அவ என் சுருக்குப் பையைத்தான் பாப்பா. அப்புறம் என்னை ஒரு பார்வை பாப்பாளே, அதை யாரு தாங்குறது? நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம்னே போயிருச்சு. அதுக்குள்ள எங்க தெருவுல பேச்சு பரவிருச்சு. எங்க கடை போக இன்னும் ரெண்டு டெய்லர்கிட்ட அவ வேலை பாத்தா, அவங்களும் நிப்பாட்டிட்டாங்க. என் கடை வாசல்லயே ஒருத்தி வந்து கேட்டா, "அந்தச் சோலைக்குக் கை நீளமாமே?"ன்னு. நான் துணியை மடிச்சுக்கிட்டே, "தெரியலையேம்மா"ன்னேன். ஏழு வருசம் என் கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவ. தெரியலையாம்!

அவ வீட்டைக் காலி பண்ணிட்டு ஆத்தா ஊருக்கு, கள்ளிக்குடிக்கு வந்துட்டா.

பையா? ஆமா, பையைத் தச்சேன். தீபாவளி முடிஞ்சதும் அந்தப் பேப்பரை எடுத்துத் தச்சேன். எதுக்குன்னு கேக்காதீங்க. அளவு எடுத்தாச்சு, விட முடியல. போட்டோ எடுத்துக் கோகிலாவுக்கு அனுப்பினேன். அவளே அசந்துட்டா. "அக்கா, அசல் என்னோடது மாதிரியே இருக்கே! அளவு எப்படி எடுத்த?"ன்னா. "கண்ணளவுதான்"னேன். அதுதான் நான் ஜெயிச்ச லட்சணம். ரெண்டு நாள் மாட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். பிடிக்கல. வீட்ல ஆணியில தொங்குறதைப் பாக்க மாட்டாம மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சேன்.

அதான் சோலைக்கே குடுத்துரலாம்னு. என்ன அப்படிப் பாக்குறீங்க? நல்ல பைம்மா, பத்து வருசம் ஒழைக்கும். வேற என்னத்தக் குடுக்கச் சொல்றீங்க? சரி சரி, பையை மட்டும் குடுக்கல, சொல்லவும்தான் போறேன். 'சோலை, கம்மல் என் பொட்டலத்துலதான் இருந்துச்சு. நீ என் கூட வா, தெருவுல நின்னு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்.' கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் கிளம்பியிருக்கேன். நான் ஒரு வார்த்தை சொன்னா அவ பேரு அவளுக்குத் திரும்பக் கெடைச்சிரும், எனக்குத் தெரியாதா? இன்னைக்குச் சொல்லிருவேன். போன வாரமும் இதே மாதிரி வந்தேன். அவ தெரு முக்கு வரைக்கும் போனேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, திரும்பிட்டேன். அதுக்கு முந்தின வாரம் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்ல, திருமங்கலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். இன்னைக்கு அப்படி இல்ல. இன்னைக்கு உங்ககிட்டயே சொல்லிட்டேன் பாருங்க, பாரம் பாதி குறைஞ்சிருச்சு.

கள்ளிக்குடி வந்துருச்சு. கண்டக்டர் தம்பி, இறங்கணும், இறங்கணும். பையைக் குடுங்கம்மா, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க...

ஐயோ. இருங்க. ஏம்மா, முன்வாசல்ல ஏறுறா பாருங்க, பச்சைச் சேலை, கையில தூக்குவாளி... அவதான். சோலைதான். என்ன இப்படி எளைச்சுப் போயிட்டா! திருமங்கலத்துல ஏதோ வேலைக்குப் போறான்னு சொன்னாங்க, இந்த பஸ்ஸாவா இருக்கணும்? இங்கதான் வர்றா. என்னைப் பாத்துட்டா. அம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், இந்தப் பையைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கங்க. ஒரு நிமிசம். நான் மொதல்ல பேசிக்கிறேன், அப்புறம் எடுத்துக்கிறேன். பிடிங்கம்மா, பிடிங்க!

சோலை! வா, வா. இப்படி வந்து இந்தக் கம்பியைப் பிடிச்சுக்க. நல்லா இருக்கியா? ஆத்தா நல்லா இருக்கா? நானா... நான் மதுரைக்கு, லைனிங் துணி எடுக்க. ஆமா, தனியாத்தான். கடையா, ஓடுது, உன் கை இல்லாம ஹூக்கு வைக்கத்தான்... எதைப் பாக்குற? இதுவா? அய்யே, எனக்கு ஏது இந்தப் பை! மூலையில என் தையல் மாதிரி இருக்கா? எல்லாரும் போடுறதுதான் அது. இல்ல சோலை, இந்தம்மாவோடதுதான். சொல்லுங்கம்மா, உங்களுதுதானே? அவங்களுதுதான் சோலை. நான் தொட்டுக்கூடப் பாக்கல.